வெள்ளை மாளிகையின் வரியும் விசைத்தறியின் பாக்கியும்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2025 நவம்பர் 5 அன்று வாதங்கள் முடிந்த வழக்குகள், மேலோட்டமாகப் பார்த்தால் நமக்குத் தொடர்பற்றவை. மது வகைகளை இறக்குமதி செய்யும் நியூயார்க் நிறுவனம், குழந்தைகளுக்கான கல்விப் பொம்மைகளை விற்கும் இல்லினாய்ஸ் நிறுவனம், இவற்றோடு 12 மாநில அரசுகள் ஆகியோர் அதிபர் டொனால்டு டிரம்பின் ஆணைகளை எதிர்த்துத் தொடுத்தவை அவை. அவற்றின் மையக் கேள்வி ஒன்றே. அவசரநிலை ஒன்றை அறிவித்துவிட்டு, நாடாளுமன்றத்தைக் கேட்காமல், ஒரு மனிதர் தாம் விரும்பும் நாட்டின் பொருள்கள் மீது தாம் விரும்பும் அளவுக்கு வரி விதிக்கலாமா?

இந்தக் கேள்விக்குள் சேலம், நாமக்கல் மாவட்டங்கள் எப்படி வந்தன என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஏப்ரல் 2 அன்று இந்தியாவுக்கு 26 விழுக்காடு என்று அறிவித்த டிரம்ப், அதை நிறுத்திவைத்து, ஆகஸ்ட் 7 முதல் 25 விழுக்காடாக நடைமுறைப்படுத்தினார். ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனை என்று கூறி ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 விழுக்காடு சேர்த்தார். மூன்றே வாரங்களில் 50 விழுக்காடு. 2024-25-இல் நாட்டின் மொத்தப் பொருள் ஏற்றுமதியில் 20 விழுக்காடு அமெரிக்காவுக்குப் போனது. தமிழ்நாட்டின் ஏற்றுமதியிலோ அது 31 விழுக்காடு என்று முதலமைச்சர் ஆகஸ்டில் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். அடி நம் மாநிலத்தில் கூடுதலாக விழுந்ததற்குக் காரணம் இதுவே.

ஊடகங்கள் திருப்பூரைக் காட்டின. அது இயல்பு. ஆனால் கரூர், ஈரோடு ஏற்றுமதியாளர்களுக்காகப் படுக்கை விரிப்பும் துண்டும் சமையலறைத் துணியும் கூலிக்கு நெய்து கொடுக்கும் தறிகள் பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு வட்டாரங்களில் ஓடுகின்றன. ஏற்றுமதியாளர் பெயர் கப்பல் ஆவணத்தில் இருக்கும். பாவும் நூலும் கொடுத்துக் கூலிக்கு நெய்விக்கும் இடைநிலை வணிகர் பெயர் அதில் இருக்காது. தறிக்கூட உரிமையாளர் பெயர் இருக்காது. தறி ஓட்டும் அருந்ததியர் இளைஞரும் தார் சுற்றும் பெண்ணும் எந்தக் காகிதத்திலும் இல்லை. (பறவைக் காய்ச்சலால் அமெரிக்காவில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது நாமக்கல் முட்டை 2025-இல் அங்கே போனதைப் பெருமையோடு எழுதிய நாளேடுகளுக்கு, அந்தப் பெருமை எத்தனை மாதம் நீடித்தது என்று எழுத இடம் கிடைக்கவில்லை.)

அதிபரின் கையில் இருந்த சட்டம்

அமெரிக்க அரசமைப்பின் முதல் உறுப்பு, 8-ஆம் பிரிவு, வரியும் தீர்வையும் விதிக்கும் அதிகாரத்தைக் காங்கிரசுக்கு, அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு, தருகிறது. அதிபருக்குத் தரவில்லை. மன்னரின் வரியை எதிர்த்துப் பிறந்த நாடு என்பதால் இது அங்கே தற்செயலாக எழுதப்பட்ட வரி அல்ல. பிற்காலத்தில் காங்கிரஸ் இந்த அதிகாரத்தின் துண்டுகளைச் சட்டம் இயற்றி அதிபருக்குக் கடனாகக் கொடுத்தது. ஒவ்வொரு கடனுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. 1962-ஆம் ஆண்டு வணிக விரிவாக்கச் சட்டத்தின் 232-ஆம் பிரிவின்படி, தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி வரி விதிக்க வேண்டுமானால் வணிகத் துறை முதலில் விசாரணை நடத்த வேண்டும். 1974-ஆம் ஆண்டு வணிகச் சட்டத்தின் 301-ஆம் பிரிவுக்கும் விசாரணை தேவை. அதே சட்டத்தின் 122-ஆம் பிரிவு விரைவானது. ஆனால் 15 விழுக்காட்டுக்கு மேல் போக முடியாது, 150 நாளுக்கு மேல் நீட்டக் காங்கிரஸ் வேண்டும்.

இந்த வரிகளுக்கு டிரம்ப் இவை எதையும் எடுக்கவில்லை. 1977-ஆம் ஆண்டின் பன்னாட்டு அவசரநிலைப் பொருளாதார அதிகாரச் சட்டத்தை எடுத்தார். வெளிநாட்டிலிருந்து எழும் அசாதாரண அச்சுறுத்தலின்போது சொத்துகளை முடக்கவும் பரிவர்த்தனைகளைத் தடுக்கவும் அதிபருக்கு வழிசெய்யும் சட்டம் அது. அதில் 'வரி', 'தீர்வை' என்னும் சொற்கள் அதிபரின் அதிகாரப் பட்டியலில் இல்லை. இருப்பது, இறக்குமதியை 'ஒழுங்குபடுத்துதல்' என்ற சொல். அந்த ஒரு சொல்லின் மேல்தான் உலக வணிகத்தின் மீதான வரி முழுவதும் ஏற்றி வைக்கப்பட்டது. சட்டம் வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டில் எந்த அதிபரும் அதைக் கொண்டு வரி விதித்ததில்லை.

அரசுத் தரப்புக்கு வாதமே இல்லை என்று நாம் எழுதினால் அது நேர்மையாகாது. 1971-இல் அதிபர் நிக்சன் வரிக்குட்பட்ட இறக்குமதிகள் மீது 10 விழுக்காடு கூடுதல் வரி விதித்தார். இப்போதைய சட்டத்துக்கு முன்னோடியான 1917-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே 'ஒழுங்குபடுத்துதல்' இருந்தது; 1975-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அதைக் காட்டியே நிக்சனின் வரியை ஏற்றது. அந்த விளக்கத்தை அறிந்தே காங்கிரஸ் 1977-இல் அதே சொல்லை மீண்டும் எழுதியது என்பது அரசின் வாதம். இதற்கு மறுப்பும் வலுவானது. நிக்சனின் வரி தற்காலிகமானது, அளவுக்குட்பட்டது. அந்த நீதிமன்றமே அதைச் சுட்டியது. அதன் பின்னர் காங்கிரஸ் 15 விழுக்காடு, 150 நாள் என்று கட்டுப்பாடு எழுதியிருக்க, கட்டுப்பாடே இல்லாத இன்னொரு கதவையும் பக்கத்திலேயே திறந்து வைத்தது என்று சொல்வது பொருந்தவில்லை. எங்கள் மதிப்பீட்டில் மறுப்பே எடை கூடியது.

கீழ் நீதிமன்றங்களும் அப்படித்தான் கண்டன. மே 28 அன்று பன்னாட்டு வணிக நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் வரிகள் சட்டத்துக்கு மீறியவை என்றனர். ஆகஸ்ட் 29 அன்று கூட்டாட்சிச் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 7-க்கு 4 என்ற கணக்கில் அதே முடிவுக்கு வந்தது. தீர்ப்புகள் நிறுத்திவைக்கப்பட்டதால் வரி மட்டும் வசூலாகிக்கொண்டே இருந்தது. ரஷ்ய எண்ணெய்க்கான கூடுதல் 25 விழுக்காடு இவ்வழக்குகளில் நேரடியாக எதிர்க்கப்படவில்லை. வழக்குகள் தொடுக்கப்பட்ட பிறகு வந்த ஆணை அது. ஆனால் அதற்கும் அடிப்படை அதே 1977-ஆம் ஆண்டுச் சட்டம் என்பதால், அச்சட்டத்தில் வரி அதிகாரமே இல்லை என்று தீர்ப்பானால் அதுவும் நிற்காது என்ற நிலை இருந்தது. மாறாக, எஃகு மீதான 50 விழுக்காடு வேறு சட்டத்தில், மேலே சொன்ன 232-ஆம் பிரிவில், நின்றது. சேலத்தில் உருளும் துருப்பிடிக்காத எஃகு அமெரிக்கா போவதானால் அதற்கு இந்தத் தீர்ப்பால் விடிவில்லை.

நவம்பர் 5 விசாரணையில், வரி என்பது அமெரிக்க மக்கள் மீது விழும் சுமை, அது எப்போதும் காங்கிரசின் மைய அதிகாரம் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் சுட்டினார். ஒருமுறை அதிபரிடம் போன அதிகாரத்தைக் காங்கிரஸ் எப்படித் திரும்பப் பெறும் என்று நீதிபதி கோர்சச் கவலைப்பட்டார். திரும்பப் பெறுவதற்கான சட்டத்தை அதிபரே தமது மறுப்பாணையால் தடுக்கலாம். அதை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதிகாரத்தைக் கைமாற்றுவது எளிது, மீட்பது அரிது என்பதை நம் நாட்டின் அவசரநிலைச் சட்டங்களைப் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையும் தேவை. மக்களைப் பெரிதும் பாதிக்கும் கேள்விகளில் காங்கிரஸ் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்னும் கோட்பாட்டை வழக்கு தொடுத்தோர் முன்வைத்தனர். 2023-இல் மாணவர்களின் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்த பைடன் அரசின் திட்டத்தை அதே நீதிமன்றம் வீழ்த்தியது இதே கோட்பாட்டால்தான். கடனில் மூழ்கியவருக்குக் கைகொடுத்த அதிபரையும் இது கட்டியது. கல்விக் கடனோடு படிக்கும் நம் வாசகர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

நம் நாட்டில் இந்த அதிகாரம் யாரிடம்

வரிச் சட்டம் நமக்கு அந்நியமான துறை என்று எண்ணும் தோழர்களுக்காக ஒன்று. அண்ணல் அம்பேத்கர் 1915-இல் கொலம்பியாவில் எழுதிய முதுகலை ஆய்வேடு கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றியது. 1925-இல் வெளியான நூல் பிரித்தானிய இந்தியாவின் மாகாண நிதி பற்றியது. வரைவுக்குழுத் தலைவராக அவர் அமர்வதற்கு முன்பே, யார் வரி விதிக்கிறார், யார் செலுத்துகிறார் என்ற கேள்வியோடு பல ஆண்டுகள் இருந்தவர்.

நம் அரசமைப்பின் உறுப்பு 265, சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கப்படவோ வசூலிக்கப்படவோ கூடாது என்கிறது. குடியரசுத் தலைவருக்குத் தனியே வரி அதிகாரம் கிடையாது. ஆனால் 1975-ஆம் ஆண்டு சுங்கத் தீர்வைச் சட்டத்தின் 8அ பிரிவு, உடனடி நடவடிக்கை தேவைப்படும் சூழலில் இறக்குமதி வரியை உயர்த்த ஒன்றிய அரசுக்கு அவசர அதிகாரம் தருகிறது. அறிவிக்கையை இரு அவைகளிலும் வைக்க வேண்டும். மக்களவையில் வைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் ஒப்புதல் தீர்மானம் கொண்டுவர வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் இல்லாத கடிவாளம் இது. ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருக்கும் அவையில் அந்தக் கடிவாளம் எவ்வளவு இறுகும் என்பது வேறு.

புல்வாமா தாக்குதலுக்குப் பின், 2019 பிப்ரவரி 16 அன்று, இந்தப் பிரிவின்கீழ்ப் பாகிஸ்தான் பொருள்கள் அனைத்துக்கும் 200 விழுக்காடு வரி அறிவிக்கப்பட்டது. அறிவிக்கை மின்னணு அரசிதழில் ஏறிய நேரம் இரவு 8 மணி 46 நிமிடம் 58 நொடி. அன்று பகலிலேயே அட்டாரி சுங்க நிலையத்தில் ஆவணம் கொடுத்திருந்த இறக்குமதியாளர்களிடமும் 200 விழுக்காடு கேட்டது அரசு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. 2020 செப்டம்பர் 23 அன்று, ஜி.எஸ். சத்தா அரிசி ஆலை வழக்கில், அறிவிக்கை வெளியான நொடிக்கு முந்தைய ஆவணங்களுக்கு அது பொருந்தாது என்று தீர்ப்பளித்து ஒன்றிய அரசின் மேல்முறையீட்டை நீதிமன்றம் தள்ளியது. 200 விழுக்காடு சரியா என்ற கேள்வி அங்கே எழவில்லை. எந்த நேரத்திலிருந்து என்பதே கேள்வி.

நல்ல தீர்ப்பு. நிர்வாகத்தின் அதிகாரத்துக்கு நொடிக் கணக்கில் எல்லை வரைந்த தீர்ப்பு. ஆனால் அட்டாரியில் அந்தச் சரக்கை முதுகில் சுமந்து இறக்கிய சுமைதூக்குவோர் அந்த வரியால் வேலை இழந்தனர். அவர்கள் எந்த மனுவிலும் இல்லை. இறக்குமதியாளரின் ஆவணம் உரிமையைப் பிறப்பித்தது; சுமந்தவரிடம் ஆவணம் இல்லை.

திரும்பி வரும் பணம் எங்கே நிற்கும்

இதே நிலைதான் அமெரிக்க வழக்கிலும். டிரம்ப் தோற்றால் வசூலித்த வரியைத் திருப்பித் தர வேண்டி வரும் என்ற நிலை இருந்தது. அது பெருங்குழப்பமாகுமே என்று நீதிபதி பேரட் விசாரணையின்போதே கேட்டார். காஸ்ட்கோ போன்ற பெரு வணிக நிறுவனம்கூட, தீர்ப்புக்கு முன்பே நவம்பர் இறுதியில் தன் பணத்துக்கு வழக்குப் போட்டுவிட்டது. சட்டப்படி வரி கட்டியவர் இறக்குமதியாளர். ஆகவே பணம் அவருக்குப் போகும்.

ஆனால் வரியின் சுமையை அவர் மட்டுமா சுமந்தார்? ஆகஸ்டுக்குப் பிறகு அமெரிக்க வாடிக்கையாளர்கள் விலைத் தள்ளுபடி கேட்டதையும், ஆர்டரைக் காக்க ஏற்றுமதியாளர்கள் பலர் அதற்கு இசைந்ததையும் அந்தத் தொழிலில் இருப்போர் வெளிப்படையாகவே பேசுகின்றனர். ஏற்றுமதியாளர் அந்தத் தள்ளுபடியில் ஒரு பகுதியைக் கூலி நெசவின் விலையில் குறைக்கிறார். தறிக்கூட உரிமையாளர் அதை மீட்டர் கூலியிலோ ஷிப்டிலோ குறைக்கிறார். நீதிமன்றம் முழு வரியையும் திருப்பித் தரச் சொன்னால், இறக்குமதியாளர் தாம் சுமக்காத பங்கையும் சேர்த்துப் பெறுவார். ஏற்றுமதியாளர் சாமர்த்தியசாலியானால் தள்ளுபடி ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வைத்துப் பங்கு கேட்பார். குமாரபாளையத்தில் குறைந்த மீட்டர் கூலி எந்தக் கணக்கிலும் அமெரிக்க வரி என்று எழுதப்படவில்லை.

ஒன்றிய அரசின் துயர் துடைப்பும் இதே இடத்தில்தான் நிற்கிறது. பருத்திக்கான 11 விழுக்காடு இறக்குமதி வரியை ஆகஸ்டில் அறிவிக்கை மூலம் விலக்கி, பின்னர் டிசம்பர் 31 வரை நீட்டினர். நவம்பர் 12 அன்று 25,060 கோடி ரூபாய் ஏற்றுமதி ஊக்குவிப்புத் திட்டத்துக்கும், 20,000 கோடி வரையிலான கடன் உத்தரவாதத்துக்கும் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இவை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. 2020 பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்கா சிறு நிறுவனங்களுக்குத் தந்த கடனில், ஊழியர்களை நீக்காமல் ஊதியம் கொடுத்தால் கடன் தள்ளுபடி என்று நிபந்தனை வைத்தது. அதுபோன்ற ஒரு நிபந்தனையை இங்கே கேட்டுக் குரல் எழுப்பியவர்கள் எத்தனை பேர்? தொழிலாளர் சட்டத்தில் வழி இருக்கிறதா என்றால், ஆட்குறைப்பு இல்லாமல் தற்காலிகமாக வேலை நிறுத்தப்பட்டால் பாதி ஊதியம் தரும் விதி 50 பேருக்குக் குறைவான இடங்களுக்குப் பொருந்தாது. நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்பும் அந்த 50-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, ஆலையை மூட அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பை 100-இலிருந்து 300 பேராக உயர்த்தியிருக்கிறது. ஒரே கூரையின்கீழ் ஓடும் தறிகள் தந்தை, மகன், மருமகள் பெயர்களில் பிரிந்திருக்கும் வட்டாரத்தில் 50 என்ற எண்ணை எட்டுவதே அரிது.

ஆகவே நம் மக்களின் வழக்கு வரிச் சட்டத்தில் இல்லை. அது பாக்கியில் இருக்கிறது.

பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரத்தில் தறிக்கு வருபவர் முன்பணம் வாங்கிக்கொண்டு சேர்வது பல பத்தாண்டு வழக்கம். அதைப் பாக்கி என்கிறார்கள். வேறு தறிக்கூடத்துக்குப் போக வேண்டுமானால் புதிய உரிமையாளர் பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டும். தொழில் செழித்த காலத்தில் இது தொழிலாளிக்கு ஒரு பேரம் பேசும் கருவியாகவும் இருந்ததுண்டு. ஆள் தட்டுப்பாட்டில் முன்பணம் உயரும். ஆர்டர் குறையும் காலத்தில் அதே பாக்கி தலைகீழாகிறது. ஷிப்ட் குறைகிறது, கூலி குறைகிறது, பாக்கி குறைவதில்லை. வேறு உரிமையாளர் எவரும் அதைத் தீர்த்து அழைத்துக்கொள்ளும் நிலையில் இல்லை. கட்டட வேலைக்குப் போகிறேன் என்றால் விடமாட்டார்கள். வாரச் செலவுக்கு வாங்கும் சில நூறுகளும் பாக்கியில் ஏறுகின்றன. நிலமும் நகையும் இல்லாத சேரிக் குடும்பங்களுக்கு இதிலிருந்து வெளியேற விற்பதற்கு ஒன்றுமில்லை என்பதால், ஒரே தறிக்கூடத்திலும் பாக்கியின் பிடி சாதிக்குச் சாதி வேறுபடுகிறது.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. முன்பணத்தின் காரணமாக வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ, விரும்பிய இடம் செல்லும் உரிமையையோ இழந்தாலும், பெயரளவுக் கூலிக்கு உழைத்தாலும் அது கொத்தடிமை முறை. அடைத்து வைத்திருக்க வேண்டும், சங்கிலி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதிகாரிகளின் கற்பனை. அத்தகைய கடன் 6-ஆம் பிரிவின்படி அழிந்துபோகிறது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, 15-ஆம் பிரிவின்படி, கடன் கொடுத்தவருடையது. அழிந்த கடனுக்குப் பணம் வாங்குவதே 9-ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவும் செய்தவர் அச்சாதியைச் சாராதவராகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவும் சேரும். 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே போய், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறைவாக ஒருவர் உழைக்க நேர்வதே, பசியின் கட்டாயத்தால் உழைத்தாலும், உறுப்பு 23 தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றது. அந்த வழக்கு ஓர் அமைப்பு எழுதிய கடிதத்தில் தொடங்கியது என்பதும், பாதிக்கப்பட்டவர் தாமே நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை என்ற கதவை அது அகலத் திறந்தது என்பதும் மாணவர்கள் அறிய வேண்டியவை.

குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு ஆகியவற்றுக்கு மனு போக வேண்டிய இடம் திருச்செங்கோடு வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம். விடுதலைச் சான்றிதழும், மறுவாழ்வுத் திட்டத்தின்கீழ் 30,000 ரூபாய் வரையிலான உடனடி உதவியும் அங்கிருந்தே தொடங்குகின்றன. மனுவில் குறிப்பிட வேண்டியவை அதிகமில்லை: முன்பணம் வாங்கிய நாள், தொகை, வேறு வேலைக்குப் போகக் கேட்டு மறுக்கப்பட்ட நாள், 2025 ஆகஸ்டுக்கு முன்னும் பின்னும் பெற்ற வாரக் கூலி. பாக்கிக் கணக்கு பெரும்பாலும் உரிமையாளரின் கையடக்கக் குறிப்பேட்டில் மட்டுமே இருக்கிறது. கூலி வாங்கும் ஒவ்வொரு வாரமும் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வைக்கத் தொழிலாளர்களிடம் சொல்லுங்கள். உரிமையாளர் காட்ட மறுத்தால் மறுத்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கூலி நாளில் தறிக்கூடங்களுக்கு வெளியே நின்று இதைச் செய்து தரக்கூடிய மாணவர்கள் இருந்தால், மனு எழுதும் பணியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.